வெற்று நிலம் என்று பெயர் பெற்ற வடகரை

தேசப்படம் வரையும் மாணவன் வட அமெரிக்காவின் வடமேல் மூலைக்கு வந்ததும் சற்று இளைப்பாறுவான். அதுவரை நகரங்களுக்குப் புள்ளி வைத்தும் புகையிரதப் பாதைகளுக்குக் கோடிட்டும் களைத்த கைக்கு அங்கே வேலை இல்லை. நகரம் இல்லை, வீதி இல்லை, துறைமுகம் இல்லை. மங்கிய நிறமொன்றைப் பூசி, அதன்மேல் ‘தண்டரா’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால் அம்மூலை நிறைந்துவிடும்.

அந்த மங்கிய நிறத்தின் கீழே உண்மையில் என்ன இருக்கிறது? இதைப் பூமிசாஸ்திரப் பாடத்தில் வரும் சிறு வினா என்று எண்ணிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் சட்டசபைகளிலும் நீதிமன்றங்களிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதிக்கப்படும் வினாவும் அதுவேயாகும். “அங்கே பனியும் சேறுமன்றி வேறொன்றும் இல்லை” என்பார் ஒரு சாரார். “எங்கள் உயிரே அங்குதான் இருக்கிறது” என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்நிலத்தைச் சற்றுச் சுற்றிப் பார்த்து வருவோம்.

நாம் காணப்போவது அலாஸ்கா மாநிலத்தின் வடகீழ் மூலையிலுள்ள கரையோரச் சமவெளி. மேற்கே கனிங் ஆறு, கிழக்கே கனடாவின் எல்லை, தெற்கே புரூக்ஸ் மலைத்தொடர், வடக்கே ஆர்க்டிக் சமுத்திரத்தின் பகுதியாகிய போபோர்ட் கடல் என்பன அதன் எல்லைகளாம். கிழக்கு மேற்காக நூறு மைலளவு நீண்டு கிடக்கும் இச்சமவெளி, மலைக்கும் கடலுக்கும் இடையே சில இடங்களில் பதினைந்து மைல் அகலமும் சில இடங்களில் நாற்பது மைல் அகலமும் உடையது. ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் ஏக்கர் பரப்புள்ள ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் வட ஓரம் இதுவேயாகும். அப்புகலிடத்தினுள்ளே செல்லும் நெடுஞ்சாலை ஒன்றேனும் இல்லை.

மலையிலிருந்து கடலுக்கு

பெயர்பாங்க்ஸ் நகரிலிருந்து வடக்கே புறப்படும் சிறு விமானத்தின் சாளரத்தருகே அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். யூக்கோன் ஆறு கீழே வளைந்து செல்லுகிறது. அதன் இருமருங்கும் ஊசியிலை மரங்கள் அடர்ந்து கிடக்கின்றன. வடக்கே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகிப் பின் ஐதாகி, புரூக்ஸ் மலைகளின் தென்சரிவில் முற்றாக நின்றுவிடுகின்றன. ஆண்டின் அதிவெப்பமான மாதத்திலும் சராசரி உஷ்ணநிலை ஏறத்தாழ 10 செல்சியஸ் பாகையை எட்டாத இடத்தில் பெருமரங்கள் வளரமாட்டா என்பது தாவர நூலார் கண்ட பொது விதி. அவ்விதியின் எல்லைக்கோட்டை விமானத்திலிருந்து கண்ணாலேயே காணலாம்.

மலைத்தொடரின் மிகவுயர்ந்த சிகரங்கள் இப்பகுதியிலேயே உள்ளன. அவற்றுள் தலையாயதாகிய இஸ்ரோ மலை ஏறத்தாழ 9,000 அடி உயரமுடையது. சிகரங்களின் மடியில் பனியாறுகள் உறங்குகின்றன. அவற்றிலிருந்து பிறந்து வடக்கே ஓடும் ஆறுகளின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்: கனிங், சட்லரோச்சிற், ஹுலாஹுலா, ஒக்பிலாக், ஜாகோ, ஐச்சிலிக், கொங்ககுட். இவற்றுள் ஹுலாஹுலா என்பது அந்நாட்டு மொழிச் சொல்லன்று. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் கூலிக்கு வந்த ஹவாய்த் தீவினர் விட்டுச்சென்ற சொல் அது; நடனம் என்பது அதன் பொருள். தென்னை நிழலில் பிறந்தவர்கள் உறைபனி ஆற்றங்கரையில் நின்று தங்கள் நடனத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள் என்று எண்ணும்போது, இக்கரை ஒருகாலமும் மனிதர் காணாத கரையாய் இருந்ததில்லை என்பது விளங்கும்.

மலைகள் முடிந்ததும் நிலம் அலையலையாய்த் தாழ்ந்து, சமமாகிக் கடலை நோக்கிச் செல்லுகிறது. ஆறுகள் பல கிளைகளாய்ப் பிரிந்தும் கூடியும் பின்னல் போல் ஓடுகின்றன. கரையை அண்மியதும் அதிசயமான காட்சியொன்று தோன்றுகிறது. தரை முழுவதும் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஐந்து பக்கமும் ஆறு பக்கமும் கொண்ட அக்கட்டங்கள் பாளம் பாளமாய் வெடித்த குளத்துச் சேற்றைப் போலத் தோன்றுகின்றன. ஆனால் ஒவ்வொரு பாளமும் பல அடி அகலமுடையது. பாளங்களின் நடுவே நீர் தேங்கி வானத்தைக் காட்டுகிறது.

இக்கட்டங்களின் இரகசியத்தைக் கண்டு சொன்னவர்களுள் முன்னவர் ஏர்னஸ்ட் லெபிங்வெல் என்னும் அமெரிக்கர். 1906ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு கப்பலில் வந்த அவர், கப்பல் பனிக்கட்டியில் சிக்கிச் சிதைந்தபின் அதன் பலகைகளைக் கொண்டே பிளக்ஸ்மன் தீவில் குடிசை அமைத்தார். துணைவர் திரும்பிச் சென்ற பின்னரும் 1914 வரை இடையிடையே அங்கு வந்து தங்கி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் சிறு படகிலும் சென்று இக்கரையை அளந்து படம் வரைந்தார். பெரும்பாலும் தம் சொந்தச் செலவிலேயே அப்பணி நடந்தது. அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அவருடைய ஆய்வை 1919இல் நூலாக வெளியிட்டது.

அவர் விளக்கியது இதுதான். மாரியின் கடுங்குளிரில் உறைந்த தரை சுருங்கி வெடிக்கிறது. இளவேனிலில் உருகும் பனிநீர் அவ்வெடிப்பில் இறங்கி, அடியிலுள்ள குளிரால் உடனே உறைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே இடம் மீண்டும் வெடிக்கிறது; மீண்டும் நீர் இறங்குகிறது. ஆண்டுக்கு ஓர் இழையாக நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு சேர்ந்து, மேலே அகன்றும் கீழே கூர்ந்தும் ஆப்பு வடிவமான பனிச்சுவர் ஒன்று தரைக்குள் எழும்பிவிடுகிறது. நாம் மேலே காணும் கட்டங்களின் வரம்புகளுக்குக் கீழே இத்தகைய பனிச்சுவர்களே நிற்கின்றன. அங்கு நடப்பவன் பழமையான ஒரு பனிமாளிகையின் கூரைமேல் நடக்கிறான் என்று சொன்னால் அது மிகையன்று.

மழையில்லாச் சதுப்பு

இச்சமவெளியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்து அளந்தால் பத்து அங்குலத்துக்கும் குறைவாகவே இருக்கும். கணக்கின்படி இது பாலைவனத்துக்கு அண்மையது. ஆயினும் கோடையில் அங்கு கால் வைப்பவனின் பாதணி சேற்றில் புதைகிறது. இம்முரண்பாட்டுக்குக் காரணம் தரையின் அடியிலேயே உள்ளது. இரண்டு கோடைகளுக்கிடையிலும் உருகாது என்றும் உறைந்தே கிடக்கும் நிலம், அயலிலுள்ள புரூடோ குடாப் பகுதியில் ஏறத்தாழ 2,000 அடி ஆழம் வரை இறங்கியிருக்கிறது. கோடையில் உருகுவது மேலேயுள்ள ஓரிரண்டு அடி மண் மாத்திரமே. விழுந்த நீர் கீழே வடிய வழியில்லை. குளிர்ச்சி காரணமாக ஆவியாவதும் சொற்பம். ஆகவே சொற்ப நீரே ஆயிரம் குளங்களாகித் தேங்கிவிடுகிறது.

அந்த ஓரிரண்டு அடி மண்ணே அங்கே வாழும் அனைத்துக்கும் ஆதாரம். பாசியும் கோரையும் பருத்திப்புல்லும் அதில் வேரூன்றுகின்றன. பருத்திப்புல் என்பது கோடையில் நுனியிலே வெண்பஞ்சு பூத்து நிற்கும் ஒருவகைக் கோரை. வில்லோ என்னும் மரவகை இங்கே விரற்கடை உயரமாய்த் தரையோடு படர்ந்து கிடக்கிறது. அதன் தண்டை அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து வளையங்களை எண்ணினால், பல பத்து ஆண்டுகள் வாழ்ந்த முதுமரம் என்பது தெரியவரும். எதுவும் இங்கே மெதுவாகவே வளருகிறது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னே நமக்கு இது பயன்படும்.

நீண்ட இரவும் நீண்ட பகலும்

இக்கரை வட அகலக்கோடு 70 பாகையில் உள்ளது. நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானுக்கு மேலே வருவதில்லை. நண்பகலில் தென்திசையிலே மங்கலான ஒளி சற்று நேரம் தோன்றி மறையும். நடுமாரியில் சராசரி உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழே 25 செல்சியஸ் பாகையையும் தாண்டிவிடுகிறது. அதனோடு காற்றும் சேர்ந்துகொண்டால் திறந்திருக்கும் சருமம் நிமிடங்களில் உறைந்துவிடும்.

இக்காலத்திலும் அந்நிலம் உயிரற்றுப்போவதில்லை. ஆற்றங்கரைகளில் காற்று குவித்துவைத்த பனித்திடலைக் குடைந்து, கருவுற்ற வெண்கரடி உள்ளே நுழைகிறது. மாரியின் நடுவில் அங்கே குட்டிகள் பிறக்கின்றன. வசந்தம் பிறந்ததும் தாய் அவற்றை அழைத்துக்கொண்டு கடற்பனிக்குச் செல்லும். நிலத்தை மூடும் உரோமப் போர்வையோடு கஸ்தூரி எருதுகள் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வெருதுகள் வேட்டையினால் அலாஸ்காவில் இல்லாதொழிந்தன. கிறீன்லாந்திலிருந்து கொண்டுவந்து ஒரு தீவில் வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்களை 1969இலும் 1970இலும் இப்பகுதியில் மீண்டும் விட்டார்கள். அவை முதலில் பெருகிப் பின்னர் புகலிடத்தினுள் வெகுவாகக் குறைந்துபோயின.

சட்லரோச்சிற் மலையடியில் ஊற்றொன்று உண்டு. எல்லா ஆறுகளும் கல்லாய் உறைந்து கிடக்கும் காலத்திலும் பூமியின் ஆழத்திலிருந்து வரும் அதன் நீர் இளஞ்சூட்டோடு பாய்ந்துகொண்டேயிருக்கும். கடுங்குளிரில் மீனினங்கள் ஒதுங்கிப் பிழைப்பது இத்தகைய ஊற்றுகளிலேதான். உறைந்த நாட்டில் உறையாத ஒரு சிறு ஓடை எத்தனை உயிரைக் காக்கிறது!

மே நடுப்பகுதியில் காட்சி மாறுகிறது. உதித்த சூரியன் ஜூலை இறுதி வரை அஸ்தமிப்பதில்லை. வானைச் சுற்றிச்சுற்றி வருகிறது. இரவென்பது இல்லாத அந்தப் பத்து வாரங்களுக்குள் பூப்பதும் காய்ப்பதும் முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் அவசர அவசரமாக நடந்து முடிகின்றன. பறவைகள் உலகத்தின் பல திசைகளிலிருந்தும் வந்து சேருகின்றன. அன்னங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வருகின்றன. சிறு கரைப்பறவைகள் தென் அமெரிக்காவின் புல்வெளிகளிலிருந்து வருகின்றன. ஆர்க்டிக் ஆலா தென்துருவக் கடல்களிலிருந்து வருகிறது. சமுத்திரத்தின் மறுபுறத்திலே சைபீரியத் தண்டராவிலும் இதே கதைதான். அங்கே பொரித்த உள்ளான் வகைகளே மாரிகாலத்தில் மன்னார்க் கடனீரேரிகளின் சேற்றில் நம் கண்முன்னே இரைதேடி ஓடுகின்றன. அவற்றைப் பார்த்திருப்போர்க்குத் தண்டரா முற்றும் அந்நிய நாடன்று.

கன்று ஈனும் தரை

ஆயினும் இச்சமவெளியின் பெருவிருந்தினர் வேறு. கரிபு என்னும் துருவமானின் கூட்டமொன்று போர்க்கியுபைன் ஆற்றின் பெயரால் அழைக்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அக்கூட்டத்தில் ஏறத்தாழ 218,000 மான்கள் இருந்தன. மாரியைக் கனடாவிலும் அலாஸ்காவிலும் உள்ள தென்காடுகளில் கழித்துவிட்டு, வசந்தத்தில் சினையான பெண்மான்கள் முன்னே நடக்க, மலைகளையும் உருகிப் பெருகும் ஆறுகளையும் கடந்து அவை வடக்கே வருகின்றன. ஓராண்டில் அவை நடக்கும் வழியைக் கூட்டினால் ஆயிரம் மைலைத் தாண்டும்.

இவ்வளவு தூரம் நடந்து இந்தக் குறுகிய சமவெளிக்கு வருவானேன்? காரணங்கள் மூன்று. முதலாவது, ஜூன் தொடக்கத்தில் கன்று ஈனும் சமயத்தில்தான் இங்கே பருத்திப்புல்லின் புதுமொட்டு வெளிவருகிறது; பால்சுரக்கும் தாய்க்கு அது வலுவூட்டும் உணவு. இரண்டாவது, கன்றைக் கவரும் ஓநாயும் கழுகும் மலையடிவாரத்திலேயே மிகுதி, வெளியில் குறைவு. மூன்றாவது, ஜூன் கடைசியில் கோடானுகோடியாக எழும் நுளம்புக்கூட்டம். நுளம்பு மொய்த்தால் மான் மேயாது. ஓடி ஓடி மெலியும். அவ்வேளையில் கடற்கரையின் குளிர்காற்றே அதற்குத் தஞ்சம். கன்றுகள் பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நிற்கின்றன. ஓரிரு நாட்களில் தாயோடு ஓடுகின்றன. பனி உருகத் தாமதமாகும் ஆண்டுகளில் தாய்மான்கள் இவ்வெளியை எட்டுமுன்னரே வழியில் ஈன்றுவிடுவதுண்டு. அத்தகைய ஆண்டுகளில் பிழைக்கும் கன்றுகள் குறைவு. வெளியின் மதிப்பு என்னவென்று அப்பொழுதே தெரிகிறது.

இரண்டு குடிகள்

மலைக்குத் தெற்கே, காடுகளின் ஓரத்தில், குவிச்சின் என்னும் மக்கள் வாழுகின்றனர். அலாஸ்காவிலும் கனடாவிலுமாகப் பரந்திருக்கும் அவர்களுடைய ஊர்கள் பல, கரிபு நடக்கும் வழியை ஒட்டியே அமைந்திருக்கின்றன. உணவும் உடையும் கருவியும் கதையும் பாட்டும் அம்மானிலிருந்தே அவர்களுக்குக் கிடைத்தன. கன்று ஈனும் அவ்வெளியை ‘உயிர் தொடங்கும் புனித இடம்’ என்ற பொருள்படத் தம் மொழியில் அவர்கள் அழைக்கிறார்கள். எனினும் அங்கு அவர்கள் வேட்டைக்குச் செல்வதில்லை. ஈனும் தாயைக் கலைத்தல் தகாது என்பது அவர்களின் முறைமை. எண்ணெய் அகழ்வுப் பேச்சு வலுத்தபோது, 1988இல் அவர்களுடைய ஊர்கள் எல்லாம் ஆர்க்டிக் கிராமம் என்னும் இடத்திலே கூடி, அவ்வெளியைக் காப்பதென ஒருமித்துத் தீர்மானித்தன.

கடற்கரையிலே வாழ்பவர் வேறு குடியினர். பழைய பாடநூல்கள் எஸ்கிமோவர் என்று எழுதிய இனத்தைச் சேர்ந்த இனுப்பியாற் மக்கள் அவர்கள். பார்ட்டர் தீவிலுள்ள கக்ரோவிக் அவர்களுடைய ஊர். தீவின் பெயருக்குப் பண்டமாற்று என்பது பொருள். அலாஸ்காக் கரையாரும் கனடாக் கரையாரும் முற்காலத்தில் பண்டம் மாற்ற அங்கு கூடினார்கள். ஊரின் பெயரோ வலையிழுத்து மீன்பிடிக்கும் இடத்தைக் குறிப்பது. குடிசனத் தொகை முந்நூறுக்கும் குறைவு. இலையுதிர் காலத்தில் ஊர் முழுவதும் திரண்டு திமிங்கில வேட்டைக்குப் போகிறது. கிடைத்த இறைச்சியும் கொழுப்பும் வீடுதோறும் பங்கிடப்படுகின்றன. முதியவர் வீட்டுக்கும் கைம்பெண் வீட்டுக்கும் பங்கு செல்லும்.

இவ்வூருக்கும் ஒரு துயரக்கதை உண்டு. 1947இல் அமெரிக்க விமானப்படை ஓடுபாதை அமைக்க வந்தபோது, அதற்குத் தெரிந்தெடுத்த இடத்தில் ஊர் இருந்தது. ஊரைத்தான் பெயர்த்தார்கள். பின்னர் சோவியத் விமானங்களை அவதானிக்கும் ராடர் நிலையமும் அங்கே எழுந்தது. 1964 வரைக்கும் மூன்று முறை அவ்வூர் இடம்பெயர்ந்தது. வெற்று நிலம் என்று தேசப்படத்தில் தோன்றும் இடத்திலே ஒருவனுடைய வீட்டைப் பெயர்ப்பது எத்தனை எளிதாகிவிடுகிறது!

எண்ணெய் விடயத்தில் இவ்விரு குடியாரும் ஒரே மனத்தினர் அல்லர். கக்ரோவிக்கின் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் குழாய்நீருக்கும் பணம் வந்தது, மேற்கே புரூடோ குடாவில் எடுக்கப்படும் எண்ணெயின் வரியிலிருந்து. அவ்வூராரின் நிறுவனத்துக்குச் சமவெளியில் 92,000 ஏக்கர் காணியும் உண்டு. “எங்கள் நிலத்தை நாங்கள் பயன்படுத்தத் தூரத்திலுள்ளோர் ஏன் தடுக்கவேண்டும்?” என்று அங்கே பலர் கேட்கிறார்கள், அதனை மறுப்போரும் அதே ஊரில் உண்டு. திமிங்கிலத்தை நம்பி வாழ்பவர்க்குக் கடலில் எண்ணெய் சிந்துவது அச்சம். மானை நம்பி வாழ்பவர்க்குத் தரையில் கிணறு தோண்டுவது அச்சம். ஏழ்மையையும் அச்சத்தையும் அனுபவித்தறியாத நாம் இருவரில் ஒருவரை இலேசில் குறை கூறிவிடலாகாது.

இலக்கமே பெயரானது

1956இல் ஒலாஸ் மூரி, மார்கரட் மூரி என்னும் இயற்கை ஆய்வாளரான தம்பதியர் மலைக்குத் தெற்கே ஷீன்ஜெக் ஆற்றோரம் ஒரு கோடைகாலம் கூடாரமடித்துத் தங்கினர். அவர்களும் அவர்களையொத்தோரும் எடுத்த முயற்சியின் பயனாக, 1960 டிசம்பர் 6ஆம் திகதி இப்பகுதி காக்கப்பட்ட நிலமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. எட்டாண்டு கழித்து, 1968இல், மேற்கேயுள்ள புரூடோ குடாவில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய்ப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. 800 மைல் நீளமான குழாய் 1977இல் எண்ணெயைத் தென்கரைக்குக் கொண்டுசெல்லத் தொடங்கியது. பிறகு எல்லோருடைய பார்வையும் கனிங் ஆற்றின் கீழ்க்கரைக்குத் திரும்பியதில் வியப்பில்லை.

1980இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் புகலிடத்தை இருமடங்குக்கு மேல் விரித்தது. ஆனால் அச்சட்டத்தின் 1002ஆம் பிரிவு, கரையோரச் சமவெளியில் 15 இலட்சம் ஏக்கரை மாத்திரம் தனியாக வைத்து, அங்கே எண்ணெய் எடுக்கலாமா என்பதைப் பின்னர் காங்கிரஸ் சபை தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. அன்று முதல் அந்நிலத்துக்கு ‘1002 பிரதேசம்’ என்றே பெயர் வழங்குகிறது. ஒரு சாரார் உயிர் தொடங்கும் இடம் என்று அழைக்கும் நிலத்தை மறுசாரார் சட்டப்பிரிவின் இலக்கத்தால் அழைக்கிறார்கள். வழக்கின் சாரம் முழுவதும் இவ்விரு பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறது.

அதன் கீழே எண்ணெய் உண்டா? 1998இல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம், அயற்பகுதிகளையும் சேர்த்து, எடுக்கத்தக்க எண்ணெய் 570 கோடிப் பீப்பாய்க்கும் 1,600 கோடிப் பீப்பாய்க்கும் இடையே இருக்கலாம் என மதிப்பிட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டமொன்று குத்தகை ஏலத்துக்கு வழிதிறந்தது. 2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்துக்குப் பெரிய எண்ணெய்க் கம்பனிகள் வரவில்லை. கிடைத்த தொகை ஒன்றரைக் கோடி டொலரையும் எட்டவில்லை. 2025 ஜனவரியில் குறித்த இரண்டாம் ஏலத்தில் கேட்பாரே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டம் இன்னும் நான்கு ஏலங்கள் நடத்தவேண்டுமெனப் பணித்தது. ஆட்சி மாறுந்தோறும் கதவு திறப்பதும் மூடுவதுமாக வழக்கு நீண்டுகொண்டு போகிறது.

ஆறாத தடம்

இனி, மெதுவாக வளரும் வில்லோவைப்பற்றி முன்னே சொன்னதை நினைவுகூரலாம். 1984, 1985ஆம் ஆண்டுகளின் மாரியில், அடியில் எண்ணெய் உண்டோ என்று அதிர்வலைகளால் சோதிப்பதற்காக, சங்கிலிச் சக்கர வண்டிகள் இச்சமவெளியில் ஏறத்தாழ 1,400 மைல் ஓடின. தரை உறைந்து பனி மூடியிருக்கும் காலமாகையால் சேதம் வராது என்று எண்ணியே அப்பருவத்தைத் தெரிந்தார்கள். ஆயினும் மெல்லிய பனியின் கீழே பாசிப்போர்வை நசுங்கியது. அப்போர்வைதான் அடியிலுள்ள பனிச்சுவரை வெயிலினின்றும் காத்துவந்தது. அது நைந்த இடத்தில் கோடை வெப்பம் ஆழமாய் இறங்கிப் பனி உருகிற்று, தரை தாழ்ந்தது, தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கிற்று, கரிய நீர் மேலும் வெப்பத்தை உறிஞ்சிற்று. தடங்களிற் பெரும்பாலானவை காலப்போக்கில் மாறிவிட்டன. ஆனால் உட்பனி மிகுந்த இடங்களில், கால் நூற்றாண்டு கழித்துப் பார்க்கச் சென்ற விஞ்ஞானிகள் ஆறாத தடங்களை இன்னமும் கண்டார்கள். வயலில் உழவு வண்டி ஓடிய தடத்தை அடுத்த மழை அழித்துவிடுகிறது. இங்கே இரண்டு மாரிகாலத்து வேலை ஒரு தலைமுறைக்கு நிலைத்துவிட்டது.

தண்டராவின் இயல்பு இதுவே. அது வலிமையற்ற நிலம் என்று சொல்லமுடியாது. எத்தனையோ ஆயிரம் கடுங்குளிரைத் தாங்கிய நிலம் அது. ஆனால் காயம் ஆற அதற்கு நெடுங்காலம் வேண்டும்.

கரையும் கரை

எண்ணெய்க் கிணறு ஒன்றுமே தோண்டாவிட்டாலும் இந்நிலம் பழையபடி இருந்துவிடப் போவதில்லை. 1979 முதல் ஆர்க்டிக் பிரதேசம் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருவதாக 2022இல் வெளியான ஆய்வொன்று காட்டுகிறது. முற்காலத்தில் கோடையிலும் கரைக்கு அண்மையிலேயே கிடந்த கடற்பனி இப்பொழுது தொலைவுக்கு விலகிவிடுகிறது. தடுப்பாரில்லாத அலை கரையை மோதுகிறது. மண்ணும் பனியும் கலந்து நின்ற கரை கரைந்து விழுகிறது. அலாஸ்காவின் வடகரை ஆண்டுக்குச் சராசரியாக நாலரை அடி பின்வாங்குவதாக 2015இல் கணக்கிட்டார்கள். சில இடங்களில் ஆண்டுக்கு அறுபது அடி வரை கரை அழிகிறது. பனிமேல் நின்று கடல்நாயை வேட்டையாடவேண்டிய வெண்கரடிகள், இலையுதிர் காலத்தில் கக்ரோவிக் ஊரின் அருகே வந்து, திமிங்கில எலும்புக் குவியலில் எஞ்சியதைத் தேடி நிற்கின்றன. உலகெங்கும் எரிக்கப்படும் எண்ணெயின் புகை, இன்னும் எண்ணெய் எடுக்கப்படாத இக்கரையை முன்னரே வந்து தொட்டுவிட்டது.

அன்பார்ந்த வாசகர்களே, குறிப்பாக மாணவர்களே! தேசப்படத்தின் வடமேல் மூலைக்கு அடுத்த முறை வரும்போது பென்சிலைக் கீழே வைத்துவிடவேண்டாம். புரூக்ஸ் மலைகளை வரைந்து, அவற்றிலிருந்து ஹுலாஹுலாவைக் கடல்வரை ஓடவிடுங்கள். மலைக்குத் தெற்கே ஆர்க்டிக் கிராமத்துக்கு ஒரு புள்ளியும், கடலோரத்தில் கக்ரோவிக்குக்கு ஒரு புள்ளியும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே, ஜூன் மாதத்து மான்கள் நடந்து வரும் வழியை மெல்லிய கோடாக இடுங்கள். அதன் பின்னர் அவ்விடத்துக்கு எந்தப் பெயரை எழுதுவதென்று நீங்களே தீர்மானிக்கலாம். ஒன்றுமில்லை என்று மாத்திரம் எழுத உங்கள் கை இணங்காது.